விலாசம் தவறிய நிரலும் அதனை மீட்கும் வகையும்

சிற்றூரொன்றுக்குப் புதிதாக வந்த ஒருவர், இன்னாருடைய வீடு எங்கேயென்று வினவுவாராயின், அவ்வூரார் தெருவின் பெயரையும் கதவிலக்கத்தையும் உரைப்பது அரிது. "மாதா கோவிலிலிருந்து கிழக்கே போங்கள், ஏழாவது வீடு" என்பர். கோவில் இன்னதென்று அறிந்தவர்க்கு இவ்விடை போதும், மிகச் சுருக்கமானதுங்கூட. வேறொரு கோவிலை மாதா கோவிலென்று பிழையாக எண்ணிக்கொண்டவரோ, ஐயமொன்றுமின்றி நடந்து சென்று, ஏழாம் வீட்டை எண்ணிக் கண்டு, முன்பின் அறியாதார் கதவைத் தட்டுவார். கதவு திறந்திருப்பின் உள்ளேயும் நுழைந்துவிடுவார். அவர் செய்த கணக்கில் பிழையில்லை. தொடங்கிய இடத்திலேயே பிழை.

மெயின்பிரேம் எனப்படும் பெருங்கணிப்பொறிகளுக்கு அசெம்ப்ளர் மொழியில் நிரல் எழுதுவோர் அடையும் இடர்களுட் பெரும்பாலன இவ்வழிப்போக்கருக்கு நேர்ந்ததைப் போன்றனவே. இக்கல்லூரியை விட்டுச் சென்ற பின்னர்ச் சில ஆண்டுகள் அத்தொழிலில் இருந்தேனாதலின், மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு கேட்ட நண்பர்க்கு இவ்விஷயத்தையே எழுதித் தர இசைந்தேன். கணிப்பொறியியல் பயிலும் மாணவர்கள் இக்காலத்தில் விலாசத்தைத் தாமே கணக்கிட வேண்டிய அவசியமின்றி உயர்ந்த மொழிகளில் எழுதுகின்றனர். ஆயினும் உலகத்தின் பெரிய வங்கிகள் பலவற்றின் கணக்குகள் இன்னும் இவ்வகை யந்திரங்களிலேயே நடைபெறுகின்றன. அவற்றின் அடியில் இருப்பது யான் கூறப்போகும் முறையே.

1964ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 7ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனத்தார் சிஸ்டம்/360 என்னும் யந்திரக் குடும்பத்தை வெளியிட்டனர். அதன் அமைப்பை வகுத்தோருள் ஆம்தால், பிளாவ், பிரூக்ஸ் என்னும் மூவர் தலையாயவர். அதற்கு முன் அந்நிறுவனத்தார் செய்த 704 முதலிய யந்திரங்களில் ஒவ்வொரு கட்டளையினுள்ளும் நினைவகத்தின் முழு விலாசமும் எழுதப்பட்டிருந்தது. 704இல் ஒரு சொல்லுக்கு 36 பிட்டுகள். அவற்றுள் 15 பிட்டுகள் விலாசத்திற்கு. அதனால் 32,768 சொற்களை எட்டலாம். அக்காலத்திற்கு அது போதுமானது. புதிய யந்திரத்தை வகுத்தோர்க்கோ அஃது ஒருசிறிதும் போதவில்லை. அவர்கள் விரும்பியது 24 பிட் விலாசம். அதாவது 1,67,77,216 பைட்டுகள். ஆனால் 8,192 பைட்டுகள் மட்டுமே உடைய சிறு யந்திரமும் அதே குடும்பத்தில் இருந்தது. அதுவும் அதே கட்டளைகளையே நிறைவேற்ற வேண்டும். இரண்டு விலாசங்களை உடைய கட்டளையொன்றில் விலாசத்திற்கு மட்டும் 48 பிட்டுகளைச் செலவிட்டால், அச்சிறு யந்திரத்தின் நினைவகம் கட்டளைகளாலேயே நிரம்பிவிடும்.

இதற்கு அவர்கள் கண்ட வழி அவ்வூரார் கண்ட வழியே. யந்திரத்தில் 0 முதல் 15 வரை பதினாறு பதிவகங்கள் உள. ரெஜிஸ்டர் என ஆங்கிலத்தில் வழங்குவது இதுவே. கட்டளையினுள் முழு விலாசம் எழுதப்படுவதில்லை; இன்ன பதிவகம் என்பதற்கு 4 பிட்டும், அதிலுள்ள இடத்திலிருந்து இத்துணைத் தூரம் என்பதற்கு 12 பிட்டும், ஆக 16 பிட்டுகளே எழுதப்படுகின்றன. அப்பதிவகத்தை அடிப் பதிவகம் என்போம். 12 பிட்டுகளால் 0 முதல் 4,095 வரை எண்ணலாமாதலால், ஓர் அடிப் பதிவகத்தைக் கொண்டு 4,096 பைட்டுகளை ஆளலாம். சில கட்டளைகளில் சுட்டுப் பதிவகம் என இன்னுமொன்றும் சேர்வதுண்டு. அட்டவணைகளில் வரிசையாகச் செல்வதற்கு அது மிகவும் உதவும். 12ஆம் பதிவகத்தில் 20,000 என்றும், 6ஆம் பதிவகத்தில் 400 என்றும் இருக்க, கட்டளையில் எழுதப்பட்ட தூரம் 8 ஆயின், யந்திரம் மூன்றையும் கூட்டி 20,408ஆம் இடத்திற்குச் செல்லும். 12ஆம் பதிவகத்தில் வேறோர் எண் இருக்குமாயின், அதே கட்டளை அதே நம்பிக்கையோடு வேறோர் இடத்திற்குச் செல்லும்.

அசெம்ப்ளர் மொழி எழுதுவோர் நிரலின் தொடக்கத்தில் இரண்டு வரிகளை எழுதுவர். முதல் வரி பி.ஏ.எல்.ஆர். என்னும் கட்டளை, 'இப்பொழுது நான் நிற்கும் இடத்தை 12ஆம் பதிவகத்தில் எழுது' என்பது அதன் கருத்து. இரண்டாம் வரி யூஸிங் என்பது. இவ்விரண்டாம் வரியைப் புதிதாகப் பயில்வோர் பெரும்பாலும் பிழைபட உணர்கின்றனர். அது யந்திரத்திற்கு இடும் கட்டளையன்று. அதனால் ஒரு பைட்டும் பிறப்பதில்லை. 'நிரல் ஓடுங்கால் 12ஆம் பதிவகத்தில் இவ்விடம் இருக்குமென்று எண்ணிக்கொள்' என நிரலை எழுதுவோன் அசெம்ப்ளருக்கு அளிக்கும் வாக்குறுதியே அது. அசெம்ப்ளர் அவ்வாக்கை நம்பித் தூரங்களையெல்லாம் கணக்கிட்டு எழுதிவிடும். பின்னர் வாக்குறுதி அளித்தவனே 12ஆம் பதிவகத்தில் வேறெதையேனும் இட்டுவிட்டால், அசெம்ப்ளர் அதனை அறியாது, யந்திரமும் அறியாது.

இனி, இம்முறையில் ஒரு நுட்பம் உண்டு. இக்கட்டுரையில் யான் சொல்ல விரும்பிய பொருளின் வித்து அதுவேயாதலால் சிறிது நின்று கூறுகிறேன். அடிப் பதிவகம் என்னுமிடத்தில் 0 என்று எழுதினால், அது 0ஆம் பதிவகத்தைக் குறிப்பதில்லை. 'அடிப் பதிவகமே இல்லை. சுழியத்திலிருந்து எண்ணுக' என்பது அதன் பொருள். ஆகவே நினைவகத்தின் முதல் 4,096 பைட்டுகளை மட்டும் எந்தப் பதிவகத்தின் துணையுமின்றி எவரும் எட்டலாம். பதினாறு பதிவகங்களுள் ஒன்றை அடியாகப் பயன்படுத்த முடியாமற் போகின்றதே, இஃதென்ன வீண் செலவு என்று முதன்முதல் எனக்குத் தோன்றிற்று. பிழை நேர்ந்த வேளையில் என்ன நடக்கிறதென்று அறிந்த பின்னரே அதன் அருமை விளங்கிற்று.

யாதெனின்: ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கையில், செய்யலாகாத ஒன்றைச் செய்ய முற்படுகிறது என்று கொள்க. தனக்கு உரிமையில்லாத நினைவகத்தில் எழுத முயன்றிருக்கலாம். எண்ணல்லாததைக் கூட்டப் புகுந்திருக்கலாம். சுழியத்தால் வகுக்கப் புகுந்திருக்கலாம். உடனே இடையீடு என்பது நிகழ்கிறது. யந்திரம் எப்பொழுதும் தன்னிடம் ஒரு நிலைச்சொல்லை வைத்திருக்கும்; அடுத்து நிறைவேற்ற வேண்டிய கட்டளையின் விலாசம் அதில் உண்டு. சிஸ்டம்/360இல் இடையீடு நிகழ்ந்ததும் யந்திரம் அப்பழைய நிலைச்சொல்லை 40ஆம் இடத்தில் எழுதிவைத்து, 104ஆம் இடத்திலிருந்து புதிய நிலைச்சொல்லை எடுத்துக்கொள்ளும். அப்புதிய சொல் ஆப்பரேட்டிங் சிஸ்டம் எனப்படும் தலைமை நிரலின் பகுதியொன்றைச் சுட்டும். அப்பகுதி ஓடத் தொடங்கும்.

இப்பொழுது அப்பகுதியின் நிலையை எண்ணிப் பார்ப்போம். பதினாறு பதிவகங்களிலும் இருப்பவை பிழை செய்த நிரலின் எண்கள். அவற்றை அழித்துவிடலாகாது, பிழையின் காரணத்தைக் கண்டறிவதற்கு அவையே சான்று. எனவே முதற்கண் அவற்றை எங்கேனும் எழுதிவைக்க வேண்டும். எழுதிவைப்பதற்கு ஒரு விலாசம் வேண்டும். விலாசத்திற்கு அடிப் பதிவகம் வேண்டும். அடிப் பதிவகமொன்றை நிரப்பினாலோ அதிலிருந்த சான்று அழிந்துபோம். இவ்விக்கட்டிலிருந்து விடுவிப்பது அந்தச் சுழிய அடியே. நினைவகத்தின் முதற் பகுதியில் ஓரிடத்தை இதற்கென ஒதுக்கி, அடி ஏதுமின்றி, பதினாறையும் ஒரே கட்டளையால் அங்கே எழுதிவிடலாம். அதன் பின்னரே தலைமை நிரல் தனக்கொரு பதிவகத்தை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கும். விலாச முறையை வகுத்தவர்கள் பிழையின் வேளையையும் உடன் எண்ணியே வகுத்தனர் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. 2000ஆம் ஆண்டில் வந்த இஸட் ஆர்கிடெக்சர் யந்திரங்களில் நிலைச்சொற்கள் பெரியனவாகி 336, 464 ஆகிய இடங்களுக்குப் பெயர்ந்தன. எனினும் அவையும் முதல் 4,096 பைட்டுகளுக்குள்ளேயே இருக்கின்றன.

எழுதிவைக்கப்பட்ட பழைய நிலைச்சொல்லைப் படிப்பதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். அது பெரும்பாலும் பிழை செய்த கட்டளையைச் சுட்டாது. அதற்கு அடுத்த கட்டளையைச் சுட்டும். கட்டளைகள் 2, 4, 6 என மூவகை நீளமுடையன. பிழை செய்த கட்டளையின் நீளத்தையும் யந்திரம் உடன் குறித்துவைக்கும். அதனைக் கழித்தே உண்மை இடத்தை அறிய வேண்டும். பக்கம் நினைவகத்தில் இல்லாமையால் நேரும் இடையீடு முதலிய சிலவற்றில் மட்டும், கட்டளையை மீண்டும் செய்ய வேண்டுமாதலின், நிலைச்சொல் அக்கட்டளையையே சுட்டும்.

24 பிட் விலாசம் நெடுநாள் நிலைக்கவில்லை. பதிவகமோ 32 பிட் உடையது. விலாசத்திற்கு 24 போக, மேலே 8 பிட்டுகள் எஞ்சின. யந்திரம் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. வெறுமையாய்க் கிடந்த அவ்விடத்தைக் கண்டு நிரல் எழுதுவோர் வாளாவிருப்பரோ? பலவகைக் குறிகளை அங்கே எழுதிவைத்தனர். தலைமை நிரலை எழுதியவர்களே அவ்வாறு செய்தனர், பி.ஏ.எல்.ஆர். கட்டளையுங்கூடத் திரும்பும் விலாசத்தின் மேல் 8 பிட்டுகளில் கட்டளை நீளம் முதலியவற்றை எழுதிவைத்தது. பின்னர் 31 பிட் விலாசம் வந்தது. 1983இல் வெளியான எம்.வி.எஸ்./எக்ஸ்.ஏ. என்னும் தலைமை நிரலால் அது வழக்கத்திற்கு வந்தது. அப்பொழுது அக்குறிகளெல்லாம் விலாசத்தின் பகுதிகளாகி, நிரல்களைக் காணாத தேசங்களுக்கு இட்டுச் சென்றன. ஆதலால் பழைய நிரல்கள் பழைய முறையிலேயே ஓடவும், புதியன புதிய முறையில் ஓடவும், நிலைச்சொல்லில் ஒரு பிட் முறையைக் காட்டவும் ஏற்பாடாயிற்று. ஒரு முறையினின்று மற்றொன்றிற்குப் பாய்வதற்கும், திரும்பி வருகையில் பழைய முறையை மீட்பதற்கும் தனிக் கட்டளைகள் எழுந்தன. 64 பிட் வந்த பின்னர் இம்மூன்று முறைகளும் ஒரே யந்திரத்தில் இன்றும் உடன்வாழ்கின்றன. 64 பிட் முறையைக் குறிப்பதற்கு விலாசத்தின் கடைசிப் பிட்டைக் கொண்டனர். கட்டளைகள் இரட்டைப்படை இடங்களிலேயே தொடங்குமாதலின் அப்பிட் வெறுமையாயிருந்தது. வெற்றிடம் கண்டால் விடாத பழக்கம் போகவில்லை!

2003இல் தூரத்திற்கு 20 பிட்டுகள் அளிக்கும் கட்டளைகளும் வந்தன. நிற்குமிடத்திலிருந்தே எண்ணிப் பாயும் கட்டளைகள் அதற்கு முன்பே வந்துவிட்டமையால் 4,096 என்னும் எல்லை முன்போல் இடர் தருவதில்லை. இவற்றை விரிக்கின் பெருகும்.

நிற்க. இடையீடு நிகழ்ந்து, பதிவகங்கள் எழுதிவைக்கப்பட்ட பின்னர் நடப்பது யாது? யாரும் ஒன்றும் ஏற்பாடு செய்திராவிட்டால் தலைமை நிரல் அவ்வேலையை முடித்துவிட்டு, ஒரு குறியெண்ணை அச்சிடும். எண்ணல்லாததைக் கூட்டப் புகுந்தால் 0ஸி7; உரிமையில்லாத இடத்தைத் தொட்டால் 0ஸி4; கட்டளையல்லாததைக் கட்டளையென்று நிறைவேற்றப் புகுந்தால் 0ஸி1. இத்தொழிலில் உள்ளோர் இவற்றை நோய்களின் பெயர்போல் வழங்குவர். "இரவு ஏழு வந்துவிட்டது" என்றால் மற்றவர்க்கு விளங்கும்.

ஆனால் நிரல் தானே ஏற்பாடு செய்துகொள்வதற்கும் வழியுண்டு. சிஸ்டம்/360இன் காலத்திலேயே ஸ்பை, ஸ்டே என இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. 1974இல் எம்.வி.எஸ். வந்தபொழுது ஈஸ்டே என்னும் விரிந்த ஏற்பாடு வந்தது. நிரலானது தலைமை நிரலை நோக்கி, 'எனக்கு ஏதேனும் நேர்ந்தால் என்னை முடித்துவிடாதே. இன்ன இடத்திலுள்ள மீட்பு நிரலை அழை' என்று முன்னரே சொல்லிவைப்பதே அதன் சாரம். ஒன்றன்மேல் ஒன்றாகப் பல மீட்பு நிரல்களைச் சொல்லிவைக்கலாம். கடைசியாகச் சொன்னது முதலில் அழைக்கப்படும். அழைக்கப்பட்ட மீட்பு நிரலின் முன் இரண்டு வழிகள் உள. 'இதனை நான் திருத்த இயலும். இன்ன இடத்திலிருந்து மறுபடியும் ஓடவிடு' என்பது ஒன்று. இதனை மறுமுயற்சி என்பர். 'இஃது என்னால் ஆகாது' என்று தனக்கு மேலுள்ள மீட்பு நிரலுக்கு ஒப்படைத்துவிடுவது மற்றொன்று. மீட்பு நிரலே பிழை செய்து விழுந்தால், அதற்கு மேலுள்ளது அழைக்கப்படும்.

மீட்பு நிரலுக்கு உதவியாகத் தலைமை நிரல் ஓர் அறிக்கைத் தாளை நினைவகத்தில் ஆக்கித் தரும். எஸ்.டி.டபிள்யூ.ஏ. என்பது அதன் பெயர். பிழையின் குறியெண், பிழை நேர்ந்த வேளையில் இருந்த நிலைச்சொல், பதினாறு பதிவகங்களின் பிரதி ஆகிய யாவும் அதில் இருக்கும். மறுமுயற்சிக்கு இடமுண்டா இல்லையா என்பதும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். யந்திரத்தை நடத்துவோர் வேலையை நிறுத்திவிட்டாராயின், துடைத்து ஒழுங்குசெய்து விடைபெறலாமேயன்றி மீண்டும் எழ இயலாது. சில வேளைகளில் நினைவகம் அறவே தீர்ந்துபோய், அவ்வறிக்கைத் தாளை ஆக்குவதற்கும் இடமிராது. அப்பொழுது 0ஆம் பதிவகத்தில் 12 என்னும் எண் இருக்கும். 1ஆம் பதிவகத்தில் குறியெண் மட்டும் இருக்கும். தாள் உண்டென்று எண்ணிக்கொண்டு அதனைப் படிக்கப் போகும் மீட்பு நிரல், மீட்க வந்த இடத்தில் தானும் விழும். ஆதலின் 0ஆம் பதிவகத்தை முதலில் நோக்கவேண்டியது கடமை.

இங்கேதான் மாதா கோவில் மீண்டும் வருகிறது. மீட்பு நிரல் அழைக்கப்படும்பொழுது 12ஆம் பதிவகத்தில் நம் பழைய அடி இராது. மீட்பு நிரலை எழுதுவோன் அதனை மறந்து, முதன்மை நிரலுக்கு அளித்த யூஸிங் வாக்குறுதியை இதற்கும் பொருந்துமென்று விட்டுவிட்டால், அசெம்ப்ளர் மறுப்பின்றி ஏற்றுக்கொள்ளும். ஓடும்பொழுது எல்லாத் தூரங்களும் பொய்யாகும். தலைமை நிரல் தரும் உறுதி 15ஆம் பதிவகத்தில் மீட்பு நிரலின் தொடக்க விலாசம் இருக்கும் என்பது. அதனை அடியாகக் கொண்டே தன் இருப்பிடத்தை அது அறிய வேண்டும். முதன்மை நிரலின் பொருள்களை அறிவதற்கோ, ஈஸ்டே ஏற்பாட்டின்போது கொடுத்துவைத்த பொதி ஒன்றின் விலாசத்தையே நம்ப வேண்டும். அப்பொதியில் என்னென்ன வைக்கவேண்டுமென்று பிழை நேர்வதற்கு முன்னரே எண்ணியிருக்க வேண்டும்.

இதனை நான் நூலிற் படித்தறியவில்லை. படித்திருந்தேன், அறியவில்லை என்று கூறுவதே பொருத்தம். தொழிலில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், பல கிளைகளிலிருந்து வரும் பணக் கணக்குகளை இரவில் தொகுக்கும் நிரலொன்றுக்கு மீட்பு நிரல் எழுதும் பொறுப்பு என்னிடம் விடப்பட்டது. நிறுவனத்தின் பெயர் வேண்டுவதில்லை. வந்த பதிவொன்றில் தொகை எழுதவேண்டிய இடம் வெற்றிடமாக இருந்தது. இவ்யந்திரத்தில் எழுத்தாக வரும் எண்களைக் கணக்கிடுவதற்குமுன் பேக் என்னும் கட்டளையால் சுருக்குவார்கள். ஒவ்வொரு பைட்டின் கீழ்ப்பாதியை அது எடுத்துக்கொள்ளும். கடைசிப் பைட்டின் இரு பாதிகளையும் இடம் மாற்றி, மேற்பாதியை நேர்க்குறி எதிர்க்குறி காட்டும் அடையாளமாக்கும். பதினாறின் அடியில் எழுதினால் வெற்றிடம் 40. ஆகவே குறியிருக்க வேண்டிய இடத்தில் 4 வந்து அமரும். குறியாவதற்குரியவை ஏ முதல் எஃப் வரையுள்ளனவே. கூட்டல் கட்டளை அதனைக் கண்டதும் 0ஸி7. விந்தை யாதெனில், கடைசி இடத்தில் எண்ணிருந்து முன்னிடங்கள் மட்டும் வெற்றிடமாயின் பிழையொன்றும் நேராது. அவை சுழியங்களாகவே கொள்ளப்படும்.

என் மீட்பு நிரல் அழைக்கப்பட்டது. மறுமுயற்சிக்கு நான் குறித்திருந்த இடமோ அக்கூட்டல் கட்டளைக்கு ஒரு வரி முன். மீண்டும் கூட்டிற்று, மீண்டும் ஏழு, மீண்டும் மீட்பு. இவ்வாறு சுழன்று சுழன்று, வேலைக்கு அளிக்கப்பட்ட நேரமெல்லாம் தீர்ந்து, 322 என்னும் குறியெண்ணோடு நடுநிசியில் நின்றது. மீட்பு நிரலே இல்லாதிருந்தால் ஒரு நொடியில் நின்று, காரணத்தையும் சொல்லியிருக்கும்.

மறுநாள் திருத்தினேன். மறுமுயற்சியிடத்தை முதன்மை நிரலில் 'அடுத்த பதிவைப் படி' என்னும் இடத்திற்கு மாற்றி, பதிவகங்களையும் பிழை வேளையில் இருந்தவாறே மீட்டுத் தருமாறு கேட்டேன். அவ்விரவு வேலை குறியெண்ணின்றி நல்லபடி முடிந்தது. காலையில் மூத்த கணக்கர் ஒருவர் அச்சுத்தாளை ஏந்தி வந்து, "தம்பி, இது என்ன, ஊர்ப்பெயரே மாறியிருக்கிறதே? பதிவுகளின் எண்ணிக்கையும் எதிர்க்குறியோடு பல கோடி என்கிறதே!" என்றார். தாளைப் பார்த்தேன். கிளையொன்றின் பெயரில் எழுத்துகள் சிதைந்திருந்தன.

காரணம் கண்டறிய அன்று முழுவதும் ஆயிற்று. பிழை நேர்ந்தது முதன்மை நிரலிலன்று. அது அழைத்த துணை நிரலில். முதன்மை நிரல் எண்ணிக்கை வைத்திருந்த இடத்திற்கு 11ஆம் பதிவகத்தை அடியாகக் கொண்டிருந்தது. துணை நிரலும் அதே 11ஐ எடுத்து, கிளைகளின் பெயர் அட்டவணையைச் சுட்ட வைத்திருந்தது. வேலை முடிந்து திரும்புகையில் பழையதை மீட்டுத் தரும். பிழை இடையில் வந்தமையால் அது திரும்பவேயில்லை. பிழை வேளையில் இருந்தவாறே பதிவகங்களைத் தருக என்று நானே கேட்டேனல்லவா? தலைமை நிரல் அவ்வாறே தந்தது. அதன் பின் படித்த ஒவ்வொரு பதிவிற்கும் முதன்மை நிரல் 11இலிருந்து தூரம் எண்ணி, ஊர்ப்பெயரின் நான்கு எழுத்துகளை ஓரெண்ணாகக் கொண்டு, ஒன்று கூட்டி, அங்கேயே எழுதிவந்தது. அவ்விடமும் நம் நிரலின் சொந்த நினைவகமேயாதலால் 0ஸி4 நேரவில்லை. தடுப்பார் யாருமில்லாத அந்நியர் வீடு!

பெயர் சிதைந்தமையால் கண்டோம். தூரம் சிறிது வேறாயிருந்து, அவ்விடத்தில் ஒரு கிளையின் இருப்புத்தொகை இருந்திருக்குமாயின் யார் கண்டிருப்பார்? எந்தப் பணம் யாருடைய கணக்கில் சேர்ந்திருக்கும்? இதனை எண்ணி அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பிழை செய்து விழும் நிரலைக்காட்டிலும், பிழை செய்து எழுந்து நடக்கும் நிரலுக்கே அஞ்ச வேண்டும் என்பதை அன்றே உணர்ந்தேன். இதற்குப் பின் பிறர் எழுதிய மீட்பு நிரல்கள் பலவற்றைப் படித்திருக்கிறேன். எல்லாப் பிழைகளையும் ஒன்றாகவே கொண்டு, 'அடுத்ததற்குப் போ' என்று சொல்பவை அவற்றுள் மிகப் பல. என் கருத்தில் அவை இல்லாதிருத்தலே நன்று.

திருத்திய நிரலில் செய்தவை சில. முதன்மை நிரல் துணை நிரலை அழைக்கும் முன்னரே தன் 11, 12, 13ஆம் பதிவகங்களைப் பொதியில் எழுதிவைத்தது. எந்தப் படியில் இருக்கிறோம் என்பதற்கு ஒரு பைட்டையும் அங்கே ஒதுக்கி, படிதோறும் அதனை மாற்றிவந்தது. காலடித் தடம் என்று எங்களுக்குள் அதனை வழங்கினோம். மீட்பு நிரல் 15ஐ அடியாகக் கொண்டு, 0ஆம் பதிவகத்தில் 12 இல்லையென்று கண்டு, குறியெண் 0ஸி7 தானா என்றும், தடம் கூட்டற்படியில்தான் இருக்கிறதா என்றும் நோக்கிற்று. இரண்டும் ஒத்தாலன்றி மேலிடத்திற்கு ஒப்படைத்துவிட்டது. ஒத்தால், மீட்டுத் தரப்படும் பதிவகங்களின் பிரதியில் பொதியிலுள்ள மூன்றையும் எழுதி, பழுதான பதிவின் எண்ணைத் தனித்தாளில் அச்சிடும்படி குறித்து, அதன் பின்னரே மறுமுயற்சி கேட்டது.

அடுத்த மாதம் அதே கிளையிலிருந்து அதே வெற்றிடம் மீண்டும் வந்தது. காலையில் தனித்தாளில் ஒரேயொரு வரி இருந்தது. மூத்த கணக்கர் அதனைக் கையிலெடுத்துப் படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், அக்கிளைக்குத் தொலைபேசியில் பேசுவதற்காக எழுந்து சென்றார்.